ஐந்தரை சென்ட்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை ரசித்துப் படித்தேன். கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை, கூடவே துப்பாக்கிகளின் உள்ளமைப்பின் மேல் தீராத ஆசை. சுடுவதில் நாட்டமில்லை, அந்த வேலைப்பாட்டில்தான் மயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். பட்டறைக்காரர்களுக்கு அந்த மயக்கம் வருவது இயல்புதான். கடைசியில் ஒரு கேள்வி போட்டிருக்கிறீர்கள்: பணத்தைப் பற்றிக் கவலையில்லாமல் ஒரு துப்பாக்கிக் கம்பெனியையே வாங்கலாம் என்றால் எதை வாங்குவேன், வாங்கியதும் எதை மாற்றுவேன்?

அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்களிடம் இதைக் கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும். கோல்ட் கம்பெனியை வாங்குகிறவர் பைத்தான் ரிவால்வரை மறுபடி செய்வேன் என்பார். 1955இல் வந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோன அதை 2020இல் கம்பெனியே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. வின்செஸ்டரை வாங்குகிறவர் 1964க்கு முந்தைய மாடல் 70 ரைஃபிளைக் கேட்பார். அந்த வருஷம் செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றினார்கள். கட்டையில் வெட்டிச் செதுக்கும் பிடிமானக் கோடுகள் போய், அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. அதோடு பெயரும் போயிற்று. ‘64க்கு முந்தியது’ என்றால் இன்றும் சந்தையில் தனி விலை. இந்த ஏக்கம் உங்களுக்குப் புரியும். வார்ப்பில் மிச்சம்பிடித்த பம்பையும் பழைய பம்பையும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிற ஊர் உங்களுடையது.

நான் வாங்க நினைப்பது ரெமிங்டனை. இன்றைய ரெமிங்டன் வேண்டாம். 1979 ஜனவரி மாத ரெமிங்டன்.

நம்மூரில் ரெமிங்டன் என்றால் தட்டச்சுப் பொறிதான். லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களின் விரலுக்குப் பழகிய பெயர். அமெரிக்காவின் முதல் வெற்றிகரமான தட்டச்சுப் பொறியை 1873இல் செய்யத் தொடங்கியது இதே துப்பாக்கிக் கம்பெனிதான். உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஆர்டர் வற்றிப்போய், இருக்கிற இயந்திரங்களுக்கு வேலை தேடினார்கள். பிறகு அந்தப் பிரிவை விற்றுவிட்டார்கள். துப்பாக்கி மட்டும் நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்ற சிற்றூரில் தொடர்ந்தது. நான் சொல்லும் காலத்தில் கம்பெனியின் பெரும்பங்கு டூபாண்ட் கையில் இருந்தது. ரசாயனத் தொழிலில் பாதுகாப்புக்குப் பேர்போன டூபாண்ட். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய மாடல் 700 ரைஃபிள் 1962இல் வந்தது. வேட்டைக்காரர்கள் கொண்டாடிய துப்பாக்கி. ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றது. புகழுக்கு ஒரு முக்கியக் காரணம் அதன் ட்ரிக்கர். மைக் வாக்கர் என்ற பொறியாளர் 1940களில் வடிவமைத்தது. இழுக்கும்போது இழுவையே தெரியாது, கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி சுத்தமாக விடும் என்பார்கள். குறி தவறாமல் இருக்க அது ரொம்ப முக்கியம்.

அந்தச் சுத்தம் எப்படி வந்தது? சுடும் ஊசியை ஸ்பிரிங் அழுத்தத்துக்கு எதிராகத் தடுத்து நிறுத்துவது சியர் என்கிற துண்டு. சாதாரண அமைப்பில் ட்ரிக்கரே நேராகச் சியரைத் தாங்கும். வாக்கர் இரண்டுக்கும் நடுவே கனெக்டர் என்று மெல்லிய தகடு ஒன்றை வைத்தார். அது ட்ரிக்கரோடு பிணைக்கப்படவில்லை. ஸ்பிரிங் தள்ளுவதால் அதன்மேல் ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். சுடும்போது ட்ரிக்கரைவிட்டு விலகும், பிறகு திரும்பி வந்து சியருக்கு அடியில் நிற்க வேண்டும். விலகும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி திறக்கிறது. அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ, துருவோ, ஓர் இரும்புத் துணுக்கோ போய் உட்கார்ந்தால் கனெக்டர் முழுசாகத் திரும்பி வராது. சேஃப்டி போட்டிருக்கும்வரை அதுவே சியரைத் தூக்கிப் பிடித்திருக்கும். சேஃப்டியை விடுவித்ததும் சியர் இறங்கும். கீழே தாங்க எதுவும் இருக்காது. ட்ரிக்கரைத் தொடாமலே வெடிக்கும். பாதி விழுந்த தாழ்ப்பாள் மாதிரிதான்: பார்த்தால் கதவு சாத்தியிருக்கும்.

இதற்குமேல் ஒரு கொடுமை. 1982 வரை வந்த 700களில் சேஃப்டி போட்டால், தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். வேட்டை முடிந்து துப்பாக்கியைக் காலிசெய்கிற வேளையில், வண்டிக்குப் பக்கத்தில் வீட்டு ஆட்கள் சுற்றி நிற்கிற வேளையில், எந்தச் செயலில் ஆபத்து இருக்கிறதோ அந்தச் செயலையே கட்டாயமாக்கிய அமைப்பு.

வாக்கருக்கே இது தெரிந்திருந்தது. துப்பாக்கி சந்தைக்கு வரும் முன்பே, 1946இல், ஆபத்தான நிலை ஏற்படச் சாத்தியம் உண்டு என்று உள்குறிப்பு எழுதினார். இதே ட்ரிக்கரோடு முந்தைய மாடல்கள் வெளிவந்த 1948இல், சேஃப்டி போட்டிருக்கும்போது ட்ரிக்கரும் அசையாமல் தடுக்கும் ஒரு சின்னத் துண்டைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். கூடுதல் செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இந்தக் காகிதங்களெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து வழக்குகளின் வழியாகத்தான் வெளியே வந்தன. 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அவரைத் தேடிப் போய்ப் பேசியபோது அவருக்கு வயது 98. கண்டுபிடித்தவரே குறையையும் சொல்லி, மருந்தையும் கையில் கொடுத்த பிறகும் கேளாமல் போன கம்பெனி இது.

புகார்கள் வந்துகொண்டே இருந்தன. கம்பெனிக்குள் அவற்றுக்குச் சுருக்கெழுத்து வைத்திருந்தார்கள்: சேஃப்டியை விடும்போது சுட்டால் ஒரு மூன்றெழுத்து, போல்ட்டைத் திறக்கும்போது சுட்டால் இன்னொரு மூன்றெழுத்து, அதிர்ச்சியில் சுட்டால் வேறொன்று. உங்கள் பட்டறையில் எந்தக் குறைக்குப் பட்டப்பெயர் வைப்பீர்கள்? அடிக்கடி வருகிற குறைக்குத்தான். எழுதி அனுப்பியவருக்குப் போன பதில் என்னவோ ஒரே ராகம்: எங்கள் சோதனையில் அப்படிச் சுடவில்லை, துப்பாக்கியைச் சரியாகப் பராமரியுங்கள், ட்ரிக்கரில் விரல் பட்டிருக்கலாம்.

இப்போது 1979 ஜனவரிக்கு வருகிறேன். அதற்கு முந்தைய வருஷம்தான் மாடல் 600 ரைஃபிளை இதே வகைக் குறைக்காக ரெமிங்டன் திரும்பப் பெற்றிருந்தது. டெக்ஸஸில் ஒருவர் குண்டு பாய்ந்து முடமாகி, வழக்குப் போட்டு, கம்பெனி பெருந்தொகை கொடுத்துச் சமாதானமான பிறகு. சரி, 700ஐயும் திரும்பப் பெறுவதா என்று பொருள் பாதுகாப்புக்கான துணைக்குழு உட்கார்ந்து பேசியது. கூட்டக் குறிப்பில் கணக்கு இருக்கிறது. வெளியே இருப்பவை சுமார் 20 லட்சம். அவற்றில் ஒரு சதவீதம் இந்தக் குறைக்கு ஆளாகலாம். அதாவது 20,000 துப்பாக்கிகளைக் கண்டுபிடிக்க 20 லட்சத்தைத் திரட்ட வேண்டும். ஆகவே வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில் முதலாளியாக உட்கார வேண்டும் என்பதுதான் என் கனவு. கணக்கில் தப்பில்லை, படிக்கவேண்டிய விதத்தில் அவர்கள் படிக்கவில்லை. 20,000 துப்பாக்கிகள் சேஃப்டியை விட்டால் சுடக்கூடும், எவை என்று நமக்கே தெரியாது என்று அந்தக் காகிதம் சொல்கிறது. தேடுவது கஷ்டம் என்பதைத் தேடாமலிருக்கக் காரணமாக்கிவிட்டார்கள். ஐந்தரை சென்ட்டை 20 லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள்: 1,10,000 டாலர். கால் பாதத்தை இழந்த ஒரே ஒருவருக்கு 1994இல் டெக்ஸஸ் ஜூரி விதித்த தொகை சுமார் ஒரு கோடியே 70 லட்சம் டாலர்.

2000ஆம் ஆண்டு மொன்டானாவில் ஒரு தாய் தன் 700ஐக் காலிசெய்யச் சேஃப்டியை விட்டார். வெடித்தது. குதிரை ஏற்றும் டிரெய்லரைத் துளைத்துக்கொண்டு போன குண்டு, அதற்கு அந்தப் பக்கம் நின்ற ஒன்பது வயது மகனைக் கொன்றது. அந்தச் சிறுவனின் தந்தை வருஷக்கணக்கில் கம்பெனியின் காகிதங்களைத் தேடித் திரட்டினார். அவர் அலைந்ததில்தான் மேலே நான் சொன்ன பலதும் உலகுக்குத் தெரிந்தது. புது ட்ரிக்கர் வந்தது 2006இல். வாக்கரின் யோசனைக்கு 58 வருஷம் கழித்து. அதிலும் ஒரு கோளாறு வந்து 2014இல் திரும்ப அழைத்தார்கள் என்பது வேறு கதை. கடைசியில் ஒரு கூட்டு வழக்கில், சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு ட்ரிக்கரை மாற்றித் தரவோ ஈடு தரவோ ஒப்புக்கொண்டு கம்பெனி சமரசம் செய்தது. 2017இல் நீதிமன்றம் ஏற்றது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, துப்பாக்கி பத்திரமானது என்றே கடைசிவரை சொன்னார்கள். விண்ணப்பித்தவர்கள் மிகச் சொற்பம்.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் 1972இல் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்று தனி ஆணையம் வந்தது. தொட்டில், டோஸ்டர், பொம்மை எதில் ஆபத்து இருந்தாலும் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைக்க அதற்கு அதிகாரம் உண்டு. துப்பாக்கியும் தோட்டாவும் மட்டும் அதன் வரம்புக்கு வெளியே. சட்டம் எழுதியபோதே விலக்கு வாங்கிவிட்டார்கள். மிச்சிகன் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் டிங்கலுக்கு அதில் பெரிய பங்கு; அவர் ஒரு வேட்டைக்காரர்.

இதில் வேடிக்கை பாருங்கள். 2001இல் அதே ஆணையம் டெய்சி கம்பெனியின் காற்றுத் துப்பாக்கிகள்மேல் வழக்குப் போட்டது. பையன்கள் டப்பாவைச் சுட்டு விளையாடும் துப்பாக்கி. குண்டு உள்ளே மாட்டிக்கொண்டு காலி என்று நினைக்கவைக்கிறது என்பது குற்றச்சாட்டு. எண்ணிக்கை அங்கேயும் சுமார் 75 லட்சம்! காற்றில் சுடுவதைத் தட்டிக்கேட்க ஆணையம் இருக்கிறது. வெடிமருந்தில் சுடுவதைத் தட்டிக்கேட்க யாருமில்லை. 2005இல் வந்த இன்னொரு சட்டம், துப்பாக்கியைக் குற்றவாளி பயன்படுத்தியதற்காகக் கம்பெனிமேல் வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுத்தது. தயாரிப்புக் குறைக்கு வழக்கு உண்டு. ஆனால் வழக்கு என்பது அடிபட்ட பிறகு வருவது. அடிபடும் முன் திரும்ப அழைக்கிற அதிகாரம் அந்த நாட்டில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது: கம்பெனி முதலாளி. உங்கள் கேள்வியைப் பகல் கனவு என்று நான் தள்ளாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். வேறெந்தத் தொழிலிலும் முதலாளி மனசு வைப்பதற்கு இவ்வளவு மதிப்பு இல்லை.

செய்துகாட்டிய ஆள் இருக்கிறார். ரூகர் கம்பெனி 1950களிலும் 60களிலும் விற்ற பழைய பாணி ரிவால்வர்களில், குதிரை (ஹேமர்) தோட்டாவின்மேல் இறங்கி நிற்கும்போது கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்துக்கு மட்டும் தோட்டா போட்டு, குதிரைக்குக் கீழே காலியாக விடுவார்கள். 1973இல் ரூகர் ட்ரான்ஸ்ஃபர் பார் என்ற தடுப்புத் தகட்டோடு புது மாடல் கொண்டுவந்தது. பிறகு பழையதை அனுப்புங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. ஒரு விவரம் எனக்குப் பிடித்தது: கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பொட்டலமாகப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பழைய பாகம் இல்லாவிட்டால் சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு குறையும், அந்தப் பயத்தில் யாரும் அனுப்பாமல் இருந்துவிடக் கூடாது என்று. வாடிக்கையாளரின் தயக்கம் எங்கே இருக்கிறது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ரூகரும் ஞானோதயத்தில் செய்யவில்லை, வழக்குகள் துரத்தின. போகட்டும், செய்தார்கள். அந்தத் தகடும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஐவர் ஜான்சன் என்ற கம்பெனி 1890களிலேயே அதை வைத்து, எங்கள் ரிவால்வரின் குதிரையைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள் என்று விளம்பரம் செய்தது.

பெரிய மாற்றத்துக்கு ஆசைப்பட்ட முதலாளியும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை 1987இல் சுமார் 11 கோடி டாலருக்கு வாங்கியது டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். 2000 மார்ச்சில் கிளின்டன் அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள்: எல்லாத் துப்பாக்கிக்கும் பூட்டு, உரிமையாளர் கையில் மட்டும் சுடும் நுட்பத்துக்கு ஆராய்ச்சி, விற்பனையாளர்களுக்கு நடத்தை விதி. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் தேசியச் சங்கம் அதைச் சரணாகதி என்றது. வாடிக்கையாளர்கள் புறக்கணித்தார்கள், விற்பனை சரிந்தது, தலைமை அதிகாரி விலகினார். அடுத்த வருஷமே கம்பெனி ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது, கடன் தனி. வாங்கியது துப்பாக்கிப் பூட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனி! அதனால் நான் முதலாளியானால் வெள்ளை மாளிகையில் கையெழுத்துப் போடப் போகமாட்டேன். வாடிக்கையாளர்களைக் கொதிக்கவைத்தது பூட்டைவிட அந்தக் கையெழுத்துதான். ட்ரிக்கரை இலவசமாக மாற்றித் தந்தால் எந்த வேட்டைக்காரரும் கொடி பிடிக்கமாட்டார்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. இச்சாப்பூர், கான்பூர், திருச்சி அரசுத் தொழிற்சாலைகளில் செய்த இன்சாஸ் ரைஃபிளின் பிளாஸ்டிக் மேகசின்கள் கார்கில் குளிரில் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது. 2005இல் ஒரு பெரிய மாவோயிஸ்ட் தாக்குதலில் வீரர்களை இழந்த நேபாள ராணுவம், இன்சாஸ் சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. முறையாகப் பயன்படுத்தாததுதான் காரணம் என்று நம் தூதரகம் பதில் சொன்னது. இலியனில் போட்ட அதே ராகம். தனியாரோ அரசோ, துப்பாக்கி செய்கிறவரின் வாயில் முதலில் வருவது இந்த வரிதான்.

ஆக, என் கம்பெனியில் முதல் மாற்றம் அந்த வரிக்குத் தடை. ட்ரிக்கரைத் தொடாமலே சுட்டது என்று கடிதம் வந்தால் அதை எழுதியவரின் விரலைச் சந்தேகிப்பதற்கு முன் எங்கள் வரைபடத்தைச் சந்தேகிப்போம். அந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யாமல், வந்த அழுக்கோடே பிரித்துப் பார்ப்போம். துடைத்துவிட்டுச் சோதித்தால் குறை தெரியவே தெரியாது, குறையே அழுக்கில்தானே இருக்கிறது. வடிவமைத்த பொறியாளர் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் விற்பனைப் பிரிவு அதை நிராகரிக்க முடியாது. நானே கையெழுத்துப் போட்டுத்தான் நிராகரிக்க முடியும். நாளை நீதிமன்றத்தில் அந்தக் காகிதத்தில் என் பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது, விளம்பரம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே ரெமிங்டனின் கைக்குள் பின்னாளில் வந்த புஷ்மாஸ்டர் ரைஃபிளுக்கு, இதை வாங்கினால் உன் ஆண்மைக்குச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது என்ற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொல்லப் பயன்பட்டது அந்த ரகம். விளம்பர முறையை வைத்தே குடும்பங்கள் வழக்கு நடத்தின. 2022இல் காப்பீட்டுக் கம்பெனிகள் 7 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்தன. வேட்டைக்கு விற்பதை வேட்டைக்கென்று மட்டும் சொல்லி விற்பேன். விற்பனை குறையும். குறையட்டும்.

இப்படியெல்லாம் செய்தால் கம்பெனி பிழைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். செய்யாத கம்பெனி 2018இலும் 2020இலும் திவாலானது. துண்டு துண்டாக ஏலம் போனது. 1816இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பெயர் வேறொருவர் கையில் இருக்கிறது. இலியன் தொழிற்சாலையை 2024இல் மூடிவிட்டார்கள். ட்ரிக்கர் ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். கடன், கைமாறிய முதலாளிகள், சந்தை எல்லாம் சேர்ந்தது. கொல்லும் கருவியைச் செய்கிறவருக்கு இவ்வளவு அறம் பேச உரிமை உண்டா என்றும் யாராவது கேட்பார்கள். வேட்டைக்காரர் மான்மேல் குறிவைத்துச் சுடுவதைப் பற்றி அவரோடு சண்டை போடலாம், போட வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். குறிவைக்காதபோது அது சுடக் கூடாது என்பதில் இரண்டு கட்சி கிடையாது.

உங்களிடம் ஒரு பதில் கேள்வி. உங்கள் பட்டறையில் கடைந்த பாகம் ஒன்று திரும்பி வந்தால் அதோடு வரும் சீட்டை முதலில் படிப்பது யார், நீங்களா, கணக்குப்பிள்ளையா, லேத்தில் நிற்கிற பையனா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். துப்பாக்கிக் கம்பெனி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்.